பாதியில் நின்ற வேலைகள்

இத்தாலியில் எரிமலைக்கு அடியில் புதைந்துபோன பழைய ரோமர் ஊரான பாம்பேயில் ஒரு குறுகலான தெருவில் எங்கள் வழிகாட்டி நின்றார். கையிலிருந்த மஞ்சள் குடையை மடக்கி, அதன் நுனியால் நடைபாதை ஓரத்தைக் காட்டினார். "இந்த ஓரத்தை அகழ்ந்து பார்த்தபோது கீழே ஒரு பள்ளம் இருந்தது. தண்ணீர்க் குழாய் வேலைக்காக வெட்டிய பள்ளம். அதற்குள் மண் இல்லை, எரிமலைக் கல்தான் நிறைந்திருந்தது" என்றார்.

குழுவில் பாதிப் பேர் எதிர்ச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பள்ளத்துக்குள் எரிமலைக் கல் இருந்தது என்றால், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்த அன்று அந்தப் பள்ளம் மூடப்படாமல் கிடந்திருக்கிறது. யாரோ கயிறு பிடித்து அளந்திருக்கிறார்கள், யாரோ வெட்டியிருக்கிறார்கள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

32 வருடம் பொதுப்பணித் துறையில் பாசன வேலை பார்த்தவன் நான். ஏரி, மதகு, கலிங்கு, வரத்துக் கால்வாய் என்றே காலம் போனது. ஓய்வு பெற்ற நாளில் நான் எஸ்டிமேட் போட்டுத் தொடங்கிய ஒரு வரத்துக் கால்வாய் வேலையில் இன்னும் நானூறு மீட்டர் பாக்கி இருந்தது. மாலை போட்டு, டீ கொடுத்து அனுப்பி வைத்த பிறகு, சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய் நின்றேன். கருங்கல் ஜல்லி குவிந்து கிடந்தது. பள்ளத்தின் ஓரத்தில் யாரோ ஒரு பாண்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆறு வருடம் கழித்து, பாம்பேயின் அந்த நடைபாதையில், அந்தச் சட்டி ஞாபகம் வந்தது.

லண்டனில் இருக்கும் மகள்தான் எனக்கும் என் மனைவிக்கும் இந்தப் பயணத்தில் இடம் போட்டாள். நேப்பிள்ஸில் தொடங்கி சிசிலித் தீவின் கிழக்குக் கரையிலுள்ள சிரகூசாவில் முடியும் 11 நாள் பயணம். குழுவில் 17 பேர். எங்களைத் தவிர மற்றவர்கள் பிரிட்டனிலிருந்து வந்த ஓய்வு பெற்றவர்கள். வழிகாட்டி நேப்பிள்ஸ்காரர், தொல்லியல் படித்தவர். ரோமர் இடங்கள், கிரேக்கர் இடங்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்று மகள் சொன்னபோது, இத்தாலிக்கும் கிரீஸுக்கும் மாறி மாறிப் பறக்க வேண்டுமோ என்று நினைத்தேன். அப்படியில்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்தே கிரேக்கர்கள் தென் இத்தாலியிலும் சிசிலியிலும் வந்து ஊர்கள் அமைத்துவிட்டார்கள். ரோமர்கள் பிறகுதான் வந்தார்கள். ஒரே மண்ணில் இரண்டும் இருக்கிறது.

குழுவாகப் போனால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது, குடைக்குப் பின்னால் ஓட வேண்டும் என்று பலர் என்னைப் பயமுறுத்தினார்கள். ஓடத்தான் வேண்டியிருந்தது. காலை ஆறரைக்குச் சிற்றுண்டி, ஏழரைக்குப் பஸ். ஆனால் தனியாகப் போயிருந்தால் அந்த நடைபாதையை மிதித்துவிட்டுப் போயிருப்பேன். கற்களை வாசித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எங்கள் வழிகாட்டி அம்மாள் அதை அவ்வளவு அக்கறையோடு செய்தார்.

பாம்பேயின் தண்ணீர்க் கதையை அவர் மேட்டிலிருந்து தொடங்கினார். ஊரின் உயரமான இடம் வெசுவியஸ் வாசல். அதை ஒட்டி ஒரு செங்கல் கட்டடம். கால்வாயில் வந்த நீர் முதலில் இங்கேதான் இறங்கும். உள்ளே மூன்றாகப் பிரிந்து ஈயக் குழாய்களில் ஊருக்குள் போகும். இங்கிருந்து ஊரின் தெற்குக் கோடிக்கு முப்பது மீட்டருக்கும் மேல் இறக்கம். அவ்வளவு இறக்கத்தில் நேராகக் குழாய் போட்டால் கீழே இருக்கும் இணைப்பெல்லாம் பிய்த்துக்கொள்ளும். அதனால் தெரு முனைகளில் ஆறு மீட்டர் உயரத்துக்குத் தூண் கட்டி, உச்சியில் ஈயத் தொட்டி வைத்திருக்கிறார்கள். நீர் தூண் மேல் ஏறித் தொட்டியில் விழும், அழுத்தம் அங்கேயே தீர்ந்துவிடும், பிறகு மறுபடி இறங்கும். நாங்கள் பிரேக் பிரஷர் டேங்க் என்று சொல்வது இதைத்தான். அந்தத் தூண்களின் பக்கவாட்டில் குழாய் பதித்த காடி இன்றும் தெரிகிறது. சில தூண்களில் வழிந்த நீரின் சுண்ணாம்புப் படிவு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தூணடியில் குழாயடி. ஊர் முழுக்க இப்படிச் சுமார் நாற்பது குழாயடிகள் இருந்தன. நான்கு கல் பலகைகளை நிறுத்தி இரும்புப் பட்டையால் பிணைத்த தொட்டி, பின்னால் ஒரு முகம் செதுக்கிய கல், அந்த முகத்தின் வாயிலிருந்து தண்ணீர். வழிகாட்டி எங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னார். முகத்துக்கு இரு பக்கமும் தொட்டியின் விளிம்பு பள்ளமாகத் தேய்ந்திருந்தது. குடிக்கக் குனிந்தவர்களும் குடம் பிடித்தவர்களும் ஒரு கையை ஊன்றிய இடம். "தொடாதீர்கள், கையை மேலே நிறுத்திப் பாருங்கள்" என்றார். நிறுத்திப் பார்த்தேன். உள்ளங்கை சரியாக அந்தக் குழிவுக்குள் வந்தது. என் மனைவி, "என்னங்க, நம்ம தெருக் குழாயடிக் கல்லும் இப்படித்தான் ஒரு பக்கம் வழவழன்னு இருக்கும்" என்றாள்.

சரி, ஏன் பள்ளம் திறந்து கிடந்தது? கி.பி. 62 வாக்கில் பாம்பேயை ஒரு பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. குழாய்கள், சுவர்கள், கோயில்கள் எல்லாம் சேதம். வெசுவியஸ் வெடிப்பதற்கு முன்னும் மறுபடி அதிர்வுகள் இருந்தன. ஆக, எரிமலை மூடியபோது அந்த ஊர் பழுது பார்க்கும் வேலையில் இருந்த ஊர். ஒரு வீட்டில் ஓவியர்கள் சுவர் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது உயரமான நடைபாலத்தில் நின்று அந்த வீட்டைப் பார்க்கலாம். சுவரில் முடிந்த பகுதி பளிச்சென்று இருக்க, பக்கத்திலேயே வெறும் கோட்டு வரைவு மட்டும் நிற்கிறது. வண்ணக் கிண்ணங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

இன்னொரு இடத்தை எங்களுக்குப் படத்தில்தான் காட்ட முடிந்தது. ஊரின் ஒன்பதாம் பகுதியில் அகழ்ந்தபோது முழுசாக ஒரு கட்டட வேலைத்தளமே கிடைத்தது என்று 2024இல் அறிவித்தார்கள். அடுக்கி வைத்த ஓடுகள், கலவைக்குக் குவித்த பொருள்கள், இரும்பு மண்வெட்டி, சுவர் நேராக வருகிறதா என்று பார்க்கும் ஈயத் தூக்குக்குண்டு. சுவரில் கரியால் ரோமன் எண்கள், வேலைக் கணக்கு. டேப்லெட்டில் அந்த எண்களைப் பார்த்ததும் வழிகாட்டியிடம் நான் கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன். எங்கள் துறையில் எம்-புக் என்று ஒன்று உண்டு. அளவெடுத்ததை அன்றைக்கே எழுத வேண்டும், எழுதினால்தான் கூலி. அந்தக் கரி எண்கள் எனக்கு எம்-புக்காகத்தான் தெரிந்தன. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் விளக்கத்தை மைக்கில் எல்லோருக்கும் சொன்னார்.

என் பக்கத்தில் நின்ற வேல்ஸ்காரர் ஒருவர் தலையாட்டினார். 71 வயது. அவர் ஊரில் பழைய தேவாலயங்களின் கல் சுவர்களைப் பழுது பார்ப்பதே அவர் தொழில். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பஸ்ஸில் முன்பின் இருக்கை. அவர் என்னை 'என்ஜினியர்' என்றார். என் மனைவி எங்களுக்குள் அவரை 'மேஸ்திரி அண்ணன்' என்றாள்.

இதே பகுதியில் 2023இல் வெளிப்பட்ட ஒரு ரொட்டிச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே போக வழியில்லாத இடம், ஜன்னலில் இரும்புக் கம்பி. கழுதைகளும் அடிமைகளும் ஒன்றாக அடைபட்டு மாவு அரைத்திருக்கிறார்கள். கழுதைகள் ஒன்றோடொன்று மோதாமல் சுற்ற, தரைக் கல்லில் அரைவட்டமாகத் தடம் வெட்டியிருந்தார்கள். கேட்டதும் மனைவி பேசாமல் நடந்தாள். குழாய் பதித்தவர்களும் பெரும்பாலும் கூலியில்லாத ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பதை அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. அந்த ஊரின் வேலை நேர்த்தியைப் பாராட்டும் ஒவ்வொரு முறையும் இது கூடவே வந்தது.

அதே எரிமலை மூடிய இன்னொரு ஊரான ஹெர்குலேனியத்தில் அரை நாள். கடலோரப் படகுக் கூடங்களில் சுமார் 300 பேருடைய எலும்புகள். படகு வரும் என்று காத்திருந்தவர்கள். அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

அடுத்த நாள் பாக்கொலி என்ற சிற்றூருக்குப் போனோம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வராத இடம். வீடுகளுக்கு நடுவே ஒரு வாசல், படியிறங்கினால் பூமிக்கடியில் ஒரு கோயில் மண்டபம் மாதிரி விரிகிறது. 70 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம், 48 தூண்கள். பிசினா மிராபிலிஸ் என்று பெயர். இது தண்ணீர்த் தொட்டி. மிசேனம் துறைமுகத்தில் இருந்த ரோமக் கடற்படைக்காக, பேரரசர் அகஸ்டஸ் காலத்துக் கால்வாயின் கடைசி முனையில் கட்டியது. அந்தக் கால்வாய் செரினோ மலை ஊற்றுகளிலிருந்து ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வருகிறது. தொட்டியின் கொள்ளளவு சுமார் 12,600 கன மீட்டர், அதாவது ஒன்றேகால் கோடி லிட்டர்.

மற்றவர்கள் மேலே ஓட்டைகள் வழியாக விழும் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் தரையிலும் தடிமனான ஒரு காரைப் பூச்சு. சுண்ணாம்போடு உடைத்த செங்கல், ஓடு எல்லாம் சேர்த்து அரைத்தது. நம்மூரில் சுர்க்கி என்று சொல்வோமே, அதே வகை. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்துதான் எழுந்தது. இந்தப் பக்கத்து ரோமர்களுக்கு இன்னொரு வசதி இருந்தது. பக்கத்து ஊரான பொசுவோலியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் அது தண்ணீருக்கு அடியிலேயே இறுகும். அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் 'பொசொலானா' என்ற சொல்லே வந்தது. கல்லூரியில் மனப்பாடம் செய்த சொல். அதன் ஊர் வழியாகவே எங்கள் பஸ் போனது. அப்புறம், தொட்டியின் நடுவில் தரை ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. வண்டல் அங்கே வந்து சேரும், அதை மட்டும் வழித்து எடுத்தால் போதும். தூர் வாருவதற்கு வழி வைக்காமல் தொட்டி கட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. அதனால் அந்தத் தாழ்வைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பொசுவோலியில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம். ரோமர் சந்தை ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் ஒரு பட்டையாகச் சின்னச் சின்னத் துளைகள். கடல் சிப்பி வகை ஒன்று துளைத்தது. அப்படியென்றால் தூண்கள் அவ்வளவு உயரத்துக்குக் கடலுக்குள் மூழ்கி, மறுபடி வெளியே வந்திருக்கின்றன. அங்கே நிலமே மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்குகிறது. 1982 முதல் 1984 வரை மட்டும் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் ஏறியது. அலெக்சாண்டிரியாவிலிருந்து கிழக்கத்திச் சரக்கு வந்து இறங்கிய துறைமுகம் இது. முசிறியில் யவனர் பொன்னோடு வந்து கறியோடு பெயர்ந்ததாக அகநானூறு பாடும் மிளகு, செங்கடல் தாண்டி, நைல் வழியாக வந்து, இந்தக் கரையில் இறங்கியிருக்கும். அதை மேஸ்திரியிடம் சொன்னேன். மூட்டை தூக்கியவனுக்கு நல்ல வாசனை என்றார்.

பேஸ்தும் கிரேக்கர் ஊர். கி.மு. 600 வாக்கில் வந்து, கடல் தெய்வத்தின் பெயரால் பொசெய்தோனியா என்று வைத்தார்கள். கி.மு. 273இல் ரோமர்கள் எடுத்துக்கொண்டு பேஸ்தும் ஆக்கினார்கள். மூன்று பெரிய கோயில்கள், தேன் நிறக் கல், சுற்றிலும் புல்வெளி. பழைய கோயிலின் முகப்பில் தூண்கள் ஒன்பது. ஒற்றைப்படை என்பதால் நட்டநடுவில் தூண் நிற்கிறது, வாசலுக்கு இடமில்லை. நூறு வருடத்துக்குப் பின் பக்கத்தில் கட்டிய கோயிலில் ஆறு தூண்கள். கைபழகியிருப்பது தெரிகிறது.

அந்த ஊரை முடித்தது தண்ணீர். பக்கத்து ஆறு சதுப்பாகப் பரவி ஊரை நோய் பிடிக்க வைக்கிறது என்று ரோமர் காலத்துப் புவியியலாளர் ஸ்ட்ராபோவே எழுதியிருக்கிறார். வடிகால் கெட்டால் ஊர் கெடும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை. மலேரியாவுக்குப் பயந்து ஜனங்கள் மேட்டுக்குப் போய்விட்டார்கள். கல்லைப் பெயர்த்துக்கொண்டு போக ஆள் இல்லாததால் கோயில்கள் மிஞ்சின. அருங்காட்சியகத்தில், 1968இல் கிடைத்த கல்லறையின் மூடியில் ஒருவன் உயரத்திலிருந்து தண்ணீரில் பாய்கிற ஓவியம் இருக்கிறது. 2,500 வருடத்துக்கு முந்தியது. தலையை நிமிர்த்தி, கைகளை நீட்டி, அந்தரத்தில் நிற்கிறான். மனைவி அங்கிருந்து வரவே மாட்டேன் என்றாள். பதினைந்து நிமிடம்தான் கொடுத்தார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது அந்தப் பதினைந்து நிமிடம்.

நேப்பிள்ஸிலிருந்து ராத்திரிக் கப்பல், விடிந்தால் பலேர்மோ. கடலை மாவைக் காய்ச்சி, வெட்டி, எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தந்தார்கள். பனெல்லே என்று பெயர். பஜ்ஜி மாவின் ருசி அப்படியே.

பலேர்மோவிலிருந்து கிளம்பியதும் வழிகாட்டி பஸ் மைக்கை எடுத்தார். "அடுத்த நான்கு நாளில் நாம் பார்க்கப் போகும் இடங்களுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு ஆறு ஓடியது. ஒரு ஊர்க்காரர்கள் ஆற்றைத் தாண்டி வந்து மறுகரை நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள்" என்றார். ஆற்றங்கரைத் தகராறு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மாதிரிப் பஞ்சாயத்துகளில் எத்தனை வருடம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

நிலத்தைப் பிடித்தது செலினுந்தே, இழந்தது செஜெஸ்தா. செஜெஸ்தா கி.மு. 416இல் ஏதென்ஸிடம் உதவி கேட்டது. செலவுக்குப் பணம் நாங்கள் தருகிறோம் என்றார்கள். பார்க்க வந்த ஏதென்ஸ் தூதர்களுக்கு வீடு வீடாக விருந்து. எல்லா வீட்டிலும் பொன்னும் வெள்ளியுமாகப் பாத்திரங்கள். ஒரே பாத்திரங்களைத்தான் வீட்டுக்கு வீடு மாற்றி வைத்திருந்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்தும் இரவல் வாங்கியிருந்தார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதியிருக்கிறார். ஏதென்ஸ் நம்பிக் கப்பல் அனுப்பியது. செலினுந்தேயின் கூட்டாளியான சிரகூசாவை முற்றுகையிட்டு, கி.மு. 413இல் அடியோடு தோற்றது. செஜெஸ்தா அடுத்து வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜிடம் போனது. கி.மு. 409இல் கார்த்தேஜ் படை வந்து ஒன்பது நாளில் செலினுந்தேயை அழித்தது. 16,000 பேர் கொல்லப்பட்டதாகச் சிசிலியின் பழைய வரலாற்றாசிரியர் தியோதோரஸ் கணக்குச் சொல்கிறார்.

செஜெஸ்தா கோயில் மலைச்சரிவில் தனியாக நிற்கிறது. 36 தூண்கள், மேலே முக்கோண முகப்பு. கூரை இல்லை, கருவறை இல்லை. இடிந்து போனதல்ல, கட்டவே இல்லை. அந்தப் போர்க் காலத்தில் வேலை நின்றுவிட்டது என்கிறார்கள். டோரிக் என்ற கிரேக்க பாணித் தூணில் மேலிருந்து கீழ் வரை ஓடும் வரிக்குழிவுகள் இங்கே வெட்டப்படவில்லை, தூண்கள் வழவழப்பாக, பருமனாக நிற்கின்றன. அடிப்படிக் கட்டில் ஒவ்வொரு கல்லிலும் முழங்கை அளவுக்கு ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கிறது. மேஸ்திரி மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "இதில்தான் கயிறு மாட்டித் தூக்குவோம். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் சீவி எடுப்போம்" என்றார். தூக்குவோம், சீவுவோம் என்று அவர் தன்னையும் சேர்த்தே பேசினார். வரிகளை ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். தூண் நின்ற பிறகுதான் வெட்ட வேண்டும், முன்பே வெட்டினால் ஏற்றும்போது ஓரம் உடையும் என்றார். முழுசாக முடிந்த எந்தக் கோயிலும் எங்களுக்கு இதைச் சொல்லியிருக்காது.

மறுநாள் காவே தி கூசா. இது கோயில் இல்லை, கல் குவாரி. பயணத் திட்டத்தில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது. வழிகாட்டி இரண்டு மணி நேரமாக்கினார், அதற்காகச் செலினுந்தேயில் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒலிவ மரங்கள், முழங்கால் உயரப் புல், மஞ்சள் பூக்கள். அவற்றுக்கு நடுவே பாறைக்குள்ளிருந்து பிதுங்கி நிற்கும் உருளைகள். ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் குறுக்களவு, என் தலைக்கு மேல் உயரம். செலினுந்தேயின் மிகப் பெரிய கோயிலுக்கான தூண் துண்டுகள். நூறு மீட்டருக்கும் மேல் நீளமான கோயில் அது, அதுவும் முடியவில்லை. பாறையில் வட்டம் போட்டு, வட்டத்தைச் சுற்றி ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு மட்டும் அகழி வெட்டி, அந்த இடுக்குக்குள் இறங்கி நின்று கீழ் நோக்கிச் செதுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு இடத்தில் வட்டம் மட்டும் கீறியிருக்கிறது. பக்கத்தில் முழங்கால் ஆழம் வெட்டியது. அதற்கடுத்து ஆள் ஆழம். இன்னும் தள்ளி, அடிப்பாகம் அறுபட்டுப் பிரிந்து, கொண்டுபோகத் தயாராக நிற்பது. செலினுந்தே போகும் வழியில் புரட்டிக்கொண்டு போய்ப் பாதியில் விட்டதும் உண்டு. செலினுந்தே பத்து கிலோமீட்டருக்கு மேல். மனக்கணக்குப் போட்டேன், ஒரு உருளை முப்பது நாற்பது டன் வரும்.

கி.மு. 409இல் படை வருகிறது என்ற செய்தி வந்த அன்று நின்ற வேலை. மறுபடி யாரும் தொடவில்லை.

மேஸ்திரி ஒரு அகழிக்குள் இறங்க வழிகாட்டியிடம் அனுமதி கேட்டார். முட்டி வலிக்காரர், நான் கை கொடுத்தேன். உள்ளே பக்கவாட்டில் நின்று, உளித் தடங்களை வெகு நேரம் பார்த்தார். சரிவான கோடுகள், வரிசை வரிசையாக, ஒரே இடைவெளியில். பிறகு ஒரு இடத்தில் வரிசை மாறியது. அங்கே கோடுகள் எதிர்ப் பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் நெருக்கமாக இருந்தன. "இங்கே ஆள் மாறியிருக்கிறான். இவன் இடது கைக்காரனாக இருக்கலாம்" என்றார். அது சரியா என்று எனக்குத் தெரியாது. ஐம்பது வருடம் உளி பிடித்தவர் சொன்னது. நான் அந்த மாறிய வரிசையைப் போட்டோ எடுத்தேன். இந்தப் பயணத்தில் நான் எடுத்த 900 சொச்சம் படங்களில் அதைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்துதான் என் வரத்துக் கால்வாய்க் கதையை அவரிடம் சொன்னேன். இதுவரை மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பாக்கி நானூறு மீட்டரை எனக்குப் பின் வந்தவர் முடித்தாரா என்று கேட்டார். மூன்று வருடம் கிடந்து, பிறகு முடித்தார்கள், ஆனால் வாட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்றேன். தண்ணீர் போகிறதா என்றார். போகிறது என்றேன்.

அக்ரிஜென்தோவில் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் கன்கார்டியா கோயில் இருக்கிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேவாலயமாக மாற்றியதால் முழுசாகப் பிழைத்தது. அழகுதான். ஆனால் என்னை இழுத்தது ஜீயஸ் கோயிலின் கற்குவியல். தூணின் ஒரு வரிக்குழிவுக்குள் ஒரு ஆள் நிற்கலாம் என்று தியோதோரஸ் எழுதியிருக்கிறார். கூரை போட வேண்டிய நேரத்தில் போர் வந்து நின்றுபோனதாகவும் அவரே சொல்கிறார். 18ஆம் நூற்றாண்டில் அதன் கற்களைக் கொண்டுபோய்த் துறைமுகத்துக்குக் கரை கட்டினார்கள்.

அதே ஊரில் கி.மு. 480 போருக்குப் பின் பிடிபட்ட கார்த்தேஜ் கைதிகளை வைத்துப் பூமிக்கடியில் நீர்வழிகள் வெட்டினார்கள். வேலையை நடத்தியவர் பெயர் ஃபயாக்ஸ். அந்தச் சுரங்கக் கால்வாய்களுக்கு 'ஃபயாக்ஸ்கள்' என்றே பெயர் நின்றுவிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு பொதுப்பணி என்ஜினியரின் பெயரைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்டிய கைதிகளில் ஒருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. நீர் போய்ச் சேர்ந்த ஏரி தியோதோரஸ் காலத்துக்கு முன்பே தூர்ந்துபோனது. அந்தப் பள்ளத்தில் இப்போது ஆரஞ்சுத் தோப்பு. சுரங்க வாயிலில் குனிந்து பார்த்தேன், சில்லென்று காற்று வந்தது.

கடைசி ஊர் சிரகூசா. ஏதென்ஸ் படை தோற்றதும் 7,000 பேருக்குக் குறையாமல் கல் குவாரிகளில் இறக்கி அடைத்தார்கள். எட்டு மாதம், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு 'கொத்திலே' தண்ணீர், இரண்டு 'கொத்திலே' தானியம். 'கொத்திலே' என்பது கிரேக்கர் அளவு, கால் லிட்டருக்குச் சற்று மேல். ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டே திட்டம் தயாரித்தவன் நான், அந்த எண்ணைக் கேட்டதும் தொண்டை அடைத்தது. குவாரிக்கு மேலே கிரேக்கர்களின் பெரிய அரங்கம். அதன் உச்சியில் பாறைக் குகைக்குள் கால்வாய் நீர் இன்றும் கொட்டிக்கொண்டிருக்கிறது. கீழே எலுமிச்சை மரங்கள் பூத்திருந்தன.

பயணத்தின் கடைசி மாலை, ஓர்திஜியா தீவிலிருக்கும் கதீட்ரலுக்குப் போனோம். முகப்பு 18ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. பக்கவாட்டுச் சுவருக்கு வந்தால் டோரிக் தூண்கள் சுவரோடு சுவராகப் புதைந்து நிற்கின்றன. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அதீனா கோயில். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் தூண்களுக்கு நடுவே இருந்த வெளியைக் கல் வைத்து அடைத்து, உள்ளே கருவறைச் சுவரில் வளைவுகள் வெட்டித் திறந்து, தேவாலயமாக்கினார்கள். கிரேக்கத் தூணுக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி எரிகிறது. சில தூண்கள் நிலநடுக்கத்தில் சாய்ந்து, சாய்ந்தபடியே நிற்கின்றன.

மேஸ்திரி கூட்டத்தை விட்டு விலகி, ஒரு தூணும் அடைப்புச் சுவரும் சேரும் இடத்துக்குப் போனார். தூணின் வரிக்குழிவுக்கு ஏற்றபடி அடைப்புக் கல்லை வளைத்து வெட்டியிருந்தார்கள். நகத்தை அந்த இடுக்கில் வைத்துக் கீழே வரை ஓட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "இரண்டாவதாக வந்தவனும் நல்ல வேலைக்காரன்" என்றார்.

வாசலில் மஞ்சள் குடை உயர்ந்தது. பஸ் காத்திருந்தது.